மருந்து விடாமல் எடுத்தும் முடி குறைவது ஏன்?

இருபது வயதிலேயே முன்நெற்றி ஏறத் தொடங்கி, இரண்டு மூன்று வருடமாக மாத்திரையும் தடவும் மருந்தும் எடுத்து, அப்படியும் உச்சந்தலை தெரிய ஆரம்பித்துவிட்ட பையன்கள் பர்மாவில் ரங்கூனிலும் இருக்கிறார்கள், பெகுவிலும் மோல்மீனிலும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் பலர் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சிலர் தாங்களாகவே அளவைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும். மருந்து எடுத்தும் முடி குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நம்முடைய காரணம் எது என்று தெரிந்த பிறகுதான் மருந்தில் கை வைக்க வேண்டும்.

வழுக்கை விழும் விதம்

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், இரண்டு மூன்று வாரத்தில் அதன் வேர் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வில் கிடக்கும், பிறகு உதிரும். அதே குழியிலிருந்து புதிய முடி முளைக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான்.

பரம்பரை வழுக்கையில் இந்தச் சுற்று கெடுகிறது. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி, அதைவிட வீரியமான டி.எச்.டி. ஹார்மோனாக மாற்றுகிறது. முன்நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் சிலருக்குப் பிறவியிலேயே டி.எச்.டி.யைத் தாங்காது. ஒவ்வொரு சுற்றிலும் வேர் சிறுத்து, வளரும் காலம் குறைந்து, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடியாக நின்றுவிடும். காதுக்கு மேலும் பின்மண்டையிலும் உள்ள வேர்களுக்கு இந்தக் கோளாறு இல்லை. அதனால்தான் எண்பது வயதுத் தாத்தாவுக்கும் அங்கே மட்டும் முடி நிற்கிறது. டொமினிகன் குடியரசில் சில குடும்பங்களின் ஆண்களுக்கு இந்த நொதியின் ஒரு வகை பிறவியிலேயே வேலை செய்வதில்லை என்று 1974-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. நொதியின் அதே வகையை அடைக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரை உருவானதற்கு அந்தக் கவனிப்பும் ஒரு காரணம்.

இந்தப் பலவீனம் அம்மா வழியிலும் வரலாம், அப்பா வழியிலும் வரலாம். இருபதுக்கு முன்னே தொடங்கினால் வேகமும் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர், ஹெல்மெட், எண்ணெய் வைக்காதது ஆகியவற்றால் இது வருவதில்லை. கோயிலில் மொட்டை போட்டாலும் முடி அடர்த்தியாகாது. வெட்டுப்பட்ட முனை தட்டையாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். தோலுக்குள் இருக்கும் வேரைக் கத்தி தொடுவதே இல்லை.

மருந்தால் முடிந்ததும் முடியாததும்

ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. மாத்திரை 1997-இல் ஆண்களின் வழுக்கைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினம் ஒன்று எடுத்தால் ரத்தத்தில் டி.எச்.டி. 70% அளவுக்குக் குறையும். தலைத்தோலில் குறைவது அதைவிடச் சற்றுக் கம்மி. ஓர் ஆய்வில் 0.2 மி.கி. எடுத்தவர்களுக்கு 57%, 1 மி.கி.க்கு 64%, 5 மி.கி.க்கு 69% குறைந்தது. மருந்தை ஐந்து மடங்கு ஏற்றியும் கூடுதலாகக் கிடைத்தது ஐந்து சதவீதப் புள்ளிதான். ‘இரண்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்’ என்ற எண்ணத்தில் பயனில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். எந்த அளவு எடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு போல டி.எச்.டி. தலையில் மிஞ்சுகிறது. மிகவும் பலவீனமான வேர்களுக்கு அந்த மிச்சமே கெடுதல் செய்யும்.

இந்த மாத்திரையின் ஐந்து வருட ஆய்வை ஒவ்வொரு நோயாளியும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதில் மருந்து எடுத்தவர்களில் 48% பேருக்கு முடி கூடியது, 42% பேருக்கு அப்படியே நின்றது, 10% பேருக்கு மருந்து எடுத்தும் குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 75% பேருக்கு முடி குறைந்துவிட்டது. உச்சந்தலையில் ஓர் அங்குல வட்டத்தில் முடியை எண்ணியும் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் எண்ணிக்கை உச்சத்துக்குப் போனது, அதன்பின் மெல்ல இறங்கியது. இறங்கியும் தொடங்கிய நாள் அளவுக்குக் கீழே போகவில்லை. மருந்து எடுக்காதவர்களோ வேகமாகச் சரிந்துகொண்டே போனார்கள். ஐந்தாம் வருட முடிவில் அதே வட்டத்தில் இரு தரப்புக்கும் இடையே 277 முடி வித்தியாசம்.

‘முதல் வருடம் நன்றாக இருந்தது, இப்போது குறைகிறது’ என்று சொல்பவர்களில் பலர் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஐராவதியில் எதிர்நீச்சல் போடுகிறவன் நின்ற இடத்திலேயே நின்றாலும், நீந்தாதவன் எவ்வளவு தூரம் அடித்துச் செல்லப்பட்டிருப்பான் என்பதுதான் கணக்கு. ஒப்பிட வேண்டியது மருந்து தொடங்கிய நாளின் படத்தோடு. மிக நன்றாக இருந்த மாதத்தோடு ஒப்பிட்டால் மருந்து எப்போதும் தோற்றதாகவே தெரியும்.

தடவும் மினாக்சிடில் வேறு வழியில் வேலை செய்கிறது. அது டி.எச்.டி.யைத் தொடுவதில்லை. முடி வளரும் காலத்தை நீட்டும், சிறுத்த வேரைக் கொஞ்சம் பெரிதாக்கும். அதை மட்டும் வருடக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு வேர் சிறுப்பது அடியில் நடந்துகொண்டே இருக்கும், ஆகவே சில வருடத்தில் மறுபடி மெலிவது தெரியும். இன்னொன்று: தலைத்தோலில் உள்ள ஒரு நொதி மினாக்சிடிலை மினாக்சிடில் சல்ஃபேட்டாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு. அவர்கள் எவ்வளவு ஒழுங்காகத் தடவினாலும் பலன் சொற்பம்தான்.

மினாக்சிடில் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டுவது வழக்கம். ஓய்வில் கிடந்த பழைய முடியைப் புதிய முடி தள்ளிவிடுவதால் இது நடக்கிறது. இந்த வாரங்களில் பயந்து நிறுத்துகிறவர்கள் மருந்தைச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் ஒரு வருடத்துக்கு முன் தோற்றதாக முடிவு கட்டக் கூடாது.

கொட்டிய முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

உண்மையில் குறைகிறதா என்பதைக் கண்ணாடி சொல்லாது. விளக்கும் ஈரமும் முடியின் நீளமும் மாறினால் அதே தலை வேறாகத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் பக்கத்தில், அதே நேரத்தில், காய்ந்த தலையோடு, முடி அதே நீளத்தில் இருக்கும்போது நான்கு படங்கள் போதும்: நேர் முன்பக்கம், இரு பக்க ஓரங்கள், குனிந்து உச்சந்தலை.

பிறகு ஒரு வெள்ளைத் துணியை விரித்து, தலைக்குக் குளித்துக் காய்ந்ததும் அதன்மேல் குனிந்து ஒரு நிமிடம் சீவுங்கள். விழுந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். நீளமும் தடிப்பும் குறையாத முடி, நுனியில் அரிசிக்குருணை போல வெள்ளைக் குமிழோடு, தலை முழுவதிலிருந்தும் விழுந்திருந்தால் அது உடம்பில் வேறு ஏதோ நடந்ததன் விளைவு. அதைப் பின்னால் பார்ப்போம். மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த, இழைபோல மெல்லிய முடிகள் நிறைய இருந்தால் வழுக்கையே முன்னேறுகிறது. குமிழே இல்லாமல் நடுவில் ஒடிந்த முடிகள் என்றால் சாயம், சூடு, படர்தாமரை போன்றவற்றைத் தேட வேண்டும். மேல்பக்கம் தடித்து அடிப்பக்கம் ஊசிபோலக் கூம்பிய குட்டை முடிகள் புழுவெட்டின் அடையாளம். புழுவெட்டுக்கு ஃபினாஸ்டெரைடு உதவாது.

தடவுவதில் நடக்கும் தவறு

5% மினாக்சிடில் கரைசல் ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளுக்கு இரண்டு வேளை. மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் தோல். ஆனால் பெரும்பாலோர் தலையின் மேலிருந்து சொட்டிவிட்டுக் கையால் தேய்த்துவிடுகிறார்கள். மருந்தில் பாதி முடியிலும் மீதி உள்ளங்கையிலும் போய்விடும்.

சரியான முறை கொஞ்சம் பொறுமை கேட்கும். தலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். துளிக்குழாயில் 1 மி.லி. கோடு வரை எடுத்துக்கொள்ளுங்கள். சீப்பின் வாலால் உச்சியில் ஒரு வகிடு எடுத்து, தோல் வெள்ளைக் கோடாகத் தெரியும் இடத்தில் நான்கைந்து துளி விடுங்கள். ஒரு விரல் தள்ளி அடுத்த வகிடு, அப்படி ஐந்தாறு கோடுகள். விரல் நுனியால் ஒற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள். நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. இரவு வேளை மருந்தைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தலையணைதான் குடிக்கும். அந்தத் தலையணையில் முகம் வைக்கும் குழந்தைக்கு முகத்தில் ரோமம் வளரலாம். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மினாக்சிடில் பூனைக்குக் கடும் விஷம், நக்கினாலே உயிருக்கு ஆபத்து.

தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் தடவினால் மருந்து உள்ளே இறங்காது. எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய் போக அலசி, காய்ந்த பிறகு போடலாம். தயோவ் மரப்பட்டையும் கின்பூனும் கொதிக்கவைத்துத் தலை கழுவும் பர்மியர் முறையும் இதற்குத் தடையில்லை. கின்பூன் என்பது நம் சீயக்காயேதான். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் காலை முதல் மாலை வரை தலை நனைந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் பகல் வேளையை விட்டுவிட்டு இரவில் மட்டும் போடுங்கள். மொட்டை போட்டிருந்தால் கீறல் ஆறும்வரை நிறுத்துங்கள். புண்ணான தோல் வழியாக மருந்து ரத்தத்தில் அதிகம் இறங்கிப் படபடப்பு வரலாம்.

தடவிய இடம் அரித்துச் செதிலாக உதிர்ந்தால் கரைசலில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகும். பொடுகும் அரிப்பும் முன்பே இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நுரையோடு ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசி, நான்கு வாரம் போட்டுப் பார்க்கலாம்.

கையில் இருப்பது மருந்துதானா?

சித்திரை மாதத்தில் ரங்கூனில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொடும். இந்த மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். கரண்ட் இல்லாத தகரக் கூரைக் கடையிலும், வெயிலில் நிற்கும் பஸ்ஸின் பார்சல் மூட்டையிலும் நாள்கணக்கில் கிடந்த மருந்தின் வீரியத்துக்கு யார் பொறுப்பு? எல்லை தாண்டித் தரைவழியாக வரும் சரக்கில் போலியும் கலக்கும். 1992-ஆம் ஆண்டின் தேசிய மருந்துச் சட்டப்படி இந்த நாட்டில் விற்கும் மருந்து பதிவு பெற்றிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அந்தப் பதிவும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கிறதா, பெட்டியிலும் மாத்திரை அட்டையிலும் ஒரே தொகுதி எண்தானா என்று பாருங்கள். கம்பெனி மாறிய சில மாதத்தில் முடி கொட்டத் தொடங்கியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல் விழ வேண்டும். கரைசல் புட்டியின் அடியில் கற்கண்டு போல மருந்து படிந்திருந்தால் கரைசலில் உள்ள ஆல்கஹால் ஆவியாகிவிட்டது என்று பொருள், அதைப் போடாதீர்கள்.

விலையைக் குறைக்க 5 மி.கி. மாத்திரையை நான்காக வெட்டுகிறவர்கள் நிறைய உண்டு. கால் துண்டில் 1.25 மி.கி. வரும், அளவில் பிழையில்லை. தவறு நடப்பது வெட்டுவதிலும் வைப்பதிலும். பாக்குவெட்டியால் வெட்டினால் மாத்திரை நொறுங்கும்; அதே பாக்குவெட்டியை வீட்டுப் பெண்களும் எடுப்பார்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் ஃபினாஸ்டெரைடு தூளைத் தொடவே கூடாது, வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது கெடுக்கும். மாத்திரை வெட்டும் கருவியைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒருமுறைக்கு ஒரே மாத்திரையை வெட்டி, துண்டுகளை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் திறந்து வைத்த துண்டு சீக்கிரம் கெடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மாத்திரை விட்டுப்போன நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃபினாஸ்டெரைடை நிறுத்திய இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்கு ஏறிவிடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் விட்டதை ‘தொடர்ந்து எடுத்தேன்’ என்று சொல்ல முடியாது.

வழுக்கையோடு இன்னொன்று சேர்ந்தால்

டெங்கு, டைபாய்டு, மலேரியா, கோவிட், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது என எந்தப் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகும், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டும். ஆடியில் டெங்கு வந்தவனுக்கு ஐப்பசியில் கைநிறைய முடி வருவது இதனால்தான். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும், பழி மாத்திரைமேல் விழும். இது மூன்று முதல் ஆறு மாதத்தில் தானே அடங்கும். மருந்தை மாற்றாமல் காத்திருப்பதே சிகிச்சை.

ரத்தப் பரிசோதனையில் முழு ரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். போதும். இளைஞனுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. கொக்கிப்புழு, மூலம், வயிற்றுப்புண் என்று ரத்தம் போகும் வழியைத் தேட வேண்டும். முடிக்காக விற்கும் பயோட்டின் மாத்திரை எடுப்பவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும்; அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டும்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு ஏற்றுவதற்கான ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டே வழுக்கைக்கு மாத்திரை எடுப்பது வீண். அவற்றில் சில டி.எச்.டி.யிலிருந்தே உருவாக்கப்பட்டவை, ஃபினாஸ்டெரைடால் அவற்றைத் தடுக்க முடியாது. ஜிம்மில் தசைக்காக எடுக்கும் கிரியாட்டின் தூளின் கதை வேறு. 2009-இல் தென்னாப்பிரிக்காவின் ரக்பி வீரர்கள் 20 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் அதை எடுத்த ஒரு வாரத்தில் டி.எச்.டி. 56% கூடியது, ஆனால் அங்கே யாரும் முடியை எண்ணவில்லை. 2025-இல் வெளியான பன்னிரண்டு வார ஆய்வில் டி.எச்.டி.யிலும் முடியிலும் வித்தியாசம் தெரியவில்லை.

நோயே வேறாக இருப்பதும் உண்டு. தலைத்தோல் எரிவது, முடிக்குழிகளைச் சுற்றிச் சிவப்பது, சீழ்க்கொப்புளம், குழிகளே மறைந்து பளபளவென்று தழும்பாவது ஆகியவை தெரிந்தால் அது வேரை நிரந்தரமாக அழிக்கும் வேறு வகை நோய். அங்கே ஒவ்வொரு மாதமும் முக்கியம், உடனே தோல் டாக்டரிடம் போக வேண்டும். 4 மி.மீ. அளவுக்குத் தோல் எடுத்துச் சோதித்தால் விடை தெரியும். பூச்சி அரித்ததுபோல ஆங்காங்கே திட்டுத்திட்டாக முடி போனால் சிஃபிலிஸ் பரிசோதனையும் கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள், மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய் அது.

அடுத்த படி

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தும் படங்களில் இறக்கம் தெளிவாகத் தெரிகிறது என்றால் மருந்தைக் கூட்டும் பேச்சை டாக்டரிடம் எடுக்கலாம். ஒரே மருந்து எடுப்பவருக்கு இரண்டையும் சேர்ப்பது முதல் வழி. டியூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி. நொதியின் இரண்டு வகைகளையும் அடைத்து ரத்தத்தில் டி.எச்.டி.யை 90%-க்கு மேல் குறைக்கும். வழுக்கைக்கென்று அதைத் தென்கொரியாவும் ஜப்பானும் அனுமதித்திருக்கின்றன. உடம்பை விட்டுப் போக மாதக்கணக்காகும் என்பதால் பக்கவிளைவு வந்தாலும் சீக்கிரம் தீராது. மினாக்சிடிலைக் குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுப்பதும் உண்டு. அது முதலில் ரத்த அழுத்தத்துக்கான மருந்து. கால் வீக்கம், படபடப்பு, உடம்பெங்கும் ரோமம் வரலாம். இதயமும் அழுத்தமும் பார்க்காமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

ஃபினாஸ்டெரைடு எடுத்தவர்களில் 3.8% பேருக்குத் தாம்பத்தியக் குறைபாடு வந்தது என்று ஆய்வுகள் காட்டின, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2.1%. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிறது, சிலர் நீடித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தற்கொலை எண்ணமும் இந்த மாத்திரையின் பக்கவிளைவுதான் என்று 2025-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் உறுதிசெய்தது. மனம் விழுந்து, தூக்கம் கெட்டு, வாழ்க்கை வெறுத்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரத்ததானம் செய்பவர்கள் ஃபினாஸ்டெரைடு நிறுத்தி ஒரு மாதம், டியூட்டாஸ்டெரைடு நிறுத்தி ஆறு மாதம் கழித்தே கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போய் முடி நடுவது பற்றி இருபத்திரண்டு வயதில் அவசரப்பட வேண்டாம். பின்மண்டையில் எடுக்க முடிகிற முடிக்கு ஓர் அளவு இருக்கிறது. இன்று முன்நெற்றியை நிரப்பிவிட்டு, மருந்தையும் நிறுத்திவிட்டால், அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி கொட்டி நட்ட முடி மட்டும் தனித் தீவாக நிற்கும். மருந்தோடு ஒரு வருடமாவது இறக்கம் நின்றதைப் படங்களில் பார்த்த பிறகே நல்ல டாக்டர் நடுவதைப் பற்றிப் பேசுவார்.

எல்லாம் போதும், நிறுத்திவிடுகிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை. மினாக்சிடிலால் வந்த முடி மூன்று நான்கு மாதத்திலும், ஃபினாஸ்டெரைடால் நின்ற முடி ஒரு வருடத்துக்குள்ளும் போய்விடும் என்று தெரிந்தே நிறுத்த வேண்டும். எது உதவியது என்று சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒன்றாக விடாமல், ஒன்றை நிறுத்தி ஆறு மாதம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.